பாழ் என்று நான் எழுதிய ஸ்லைடு

மார்ச் 3, திங்கள்

லேபில் இன்று நூற்றுப் பதினொரு ரத்தக் குழாய். கை ஒடிந்துவிட்டது. எதிர் மேஜைக்காரி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்க்கிறாள். நான் முணுமுணுப்பதெல்லாம் வசவுதான்.

மதியம் அண்ணி போன் செய்தாள். அண்ணனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்களாம். யாரோ ஒரு பயணி டிப்போவுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்: டிரைவருக்குக் கண் இரண்டும் மஞ்சள், சிக்னலில் நின்றால் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடுகிறார், குடித்துவிட்டு ஓட்டுகிறார் என்று. இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவனை டிப்போ கேட்டில் உட்கார வைத்து, வருகிற போகிற வண்டிக்கு நேரம் குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் குடிப்பழக்கம் இல்லை என்று டாக்டர் சான்று கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் வேலையே இல்லை.

எனக்கு ஆச்சரியம் இல்லை. நெருப்பில்லாமல் புகையுமா? அண்ணியிடம் அப்படிச் சொல்லவில்லை. ‘பார்க்கலாம்’ என்று மட்டும் சொன்னேன். அம்மாவிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருடம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கண் மஞ்சள், நடை தள்ளாட்டம். வாசலிலேயே மறித்து, “எங்க, ஊதிக் காட்டு” என்றேன். அவன் மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். நான் கேட்டது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

மார்ச் 5, புதன்

டிப்போவில் தினமும் ஊதச் சொல்கிறார்கள். தினமும் பூஜ்யம். கருவியை ஏமாற்ற ஆயிரம் வித்தை இருக்கிறது என்கிறாராம் மேனேஜர். நானும் அதையேதான் நினைத்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நினைத்தேன்.

மார்ச் 8, சனி

அண்ணி அவனை இழுத்துக்கொண்டு லேபுக்கு வந்துவிட்டாள். எதிர் மேஜைக்காரி இன்று லீவு. நான்தான் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது.

சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். “கைய மடக்கி வச்சுக்கோ” என்றேன், எல்லாரிடமும் சொல்வதுபோல. இரண்டு வருடத்தில் கூடப் பிறந்தவனிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. வெட்கக்கேடு.

சாயங்காலம் முடிவுகள் வந்தன. ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் நாலு மடங்கு. ஆனால் ஈரலுக்கான மற்ற சோதனைகளில் குறை சொல்ல இடமில்லை. குடிக்கிறவன் ஈரல் இப்படிச் சாதுவாக இருக்காது, கூச்சல் போடும். ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி எட்டுதான். இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு எப்படி ஒருத்தன் நாள் முழுக்கப் பஸ் ஓட்டினான்?

இன்னொரு வம்பு. சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு நெருக்கமாக அடைத்திருக்கிறது என்று மிஷின் ஒரு எண் கொடுக்கும். முப்பத்தாறைத் தாண்டினால் மிஷின் உளறுகிறது என்று அர்த்தம். எங்கள் தொழிலில் அது வேதவாக்கு. குழாயைக் கொஞ்சம் சூடுபடுத்தி மறுபடி வைப்போம், எண் இறங்கிவிடும். அண்ணனுக்கு 37.2. சூடாக்கினேன். 37.2. மூன்றாம் முறை 37.1. சனியன் பிடித்த மிஷின் என்று திட்டிவிட்டு, மூடிவிட்டு வந்தேன்.

திட்டியது உறுத்துகிறது. ஒருவேளை மிஷின் உளறவில்லையோ?

மார்ச் 10, திங்கள்

எல்லாருக்கும் முன்னால் லேபுக்குப் போய்க் கையாலேயே ஸ்லைடு போட்டேன்.

துளி ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்தால் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் வால்போல் மெலிந்தும் படியும். வால் நுனியில் நல்ல அணுகூடப் பரந்து படிந்து, நடுவில் வெளுப்பாகத் தெரியும் குழி மறைந்துபோகும். அதனால் வாலில் பார்க்காதே என்பதுதான் இந்த வேலையில் முதல் பாடம். நான் வாலில் பார்க்கவில்லை. அணுக்கள் ஒன்றையொன்று உரசியும் உரசாமலும் கிடக்கிற சரியான இடத்தில்தான் பார்த்தேன். நாலு தடவை இடம் மாற்றிப் பார்த்தேன்.

சிவப்பணு பந்து இல்லை. மாவு உருண்டையை இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அமுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. அந்தக் குழியில்தான் அதன் சாமர்த்தியம் முழுவதும் இருக்கிறது. உள்ளே நிரம்பி வழியாததால் மடங்கும், நெளியும், தன்னைவிடக் குறுகலான குழாயிலும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போய்விடும். தோல் பரப்பு அதிகம் என்பதால் ஆக்சிஜனை வாங்குவதும் கொடுப்பதும் சட்டென்று நடக்கும். ஹீமோகுளோபினுக்கு இடம் வேண்டும் என்று தன் உட்கருவையே வெளியே தள்ளிவிட்டு வருகிற பிறவி அது. நூற்றிருபது நாள் ஓயாமல் சுமந்துவிட்டுப் போய்ச்சேரும். இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அதன்மேல் மரியாதை குறையவில்லை.

அண்ணன் ஸ்லைடில் பத்துக்கு நாலு பந்து. சின்னதாக, இறுகிப்போய், நடுவில் வெளுப்பே இல்லாமல்.

எதிர் மேஜைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாட்டை நிறுத்திவிட்டாள். “யாருக்கா இது?” என்று கேட்டாள். ‘எங்க அண்ணன்’ என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு டிரைவர் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

பரணிலிருந்து பழைய தகரப் பெட்டியை இறக்கினேன். படிக்கிற காலத்து ஸ்லைடுகள். அப்போது கூடப் படித்தவர்கள் ஒருவர் விரலை ஒருவர் குத்திக்கொள்ளப் பயந்தோம். அண்ணன்தான் விரலை நீட்டினான். “பாஸ் பண்ணணும்ல, எத்தன வேணும்னாலும் குத்து” என்றான். பத்து விரலும் முடிந்து இரண்டாம் சுற்றும் போனேன்.

அவன் பேரும் தேதியும் போட்ட ஸ்லைடு எட்டு இருந்தது. எட்டிலும் ஓரத்தில் பென்சிலால் என் கையெழுத்து: பாழ். பாழ். பாழ்.

நினைவு வந்துவிட்டது. குழி இல்லாத அணுக்களைப் பார்த்துவிட்டு, வாலில் பார்க்கிறோம், நமக்கு இழுக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். கடைசியில் பக்கத்துப் பெண்ணின் விரலைக் கெஞ்சி வாங்கி, ‘நல்ல’ ஸ்லைடு போட்டுக் காட்டி மார்க் வாங்கினேன். ஏன் இவன் ரத்தத்தில் மட்டும் என் கை சறுக்குகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாமே! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

இன்று அந்த எட்டையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். சாயம் வெளுத்திருக்கிறது. ஆனால் எட்டும் அருமையான ஸ்லைடு. இருபத்தொரு வயதில் என் கை நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

ரத்தவியல் டாக்டரம்மாவிடம் சொன்னேன். எண்ணி எண்ணிப் பேசுகிறவர். உப்புத் தண்ணீர் சோதனை செய்யச் சொன்னார். எங்கள் லேபில் அதைச் செய்து பல வருடம் ஆயிற்று. பழைய நோட்டைத் தேடியெடுத்து நானே உப்பு நிறுத்துக் கலந்தேன்.

வரிசைக்குப் பன்னிரண்டு குழாயாக இரண்டு வரிசை. முதல் குழாயில் உடம்பில் இருக்கிற அளவு உப்பு, போகப் போகக் குறைவு. உப்பு குறையக் குறைய அணு தண்ணீரைக் குடித்து ஊதும். குழி உள்ள அணுவுக்கு ஊத இடம் இருக்கிறது, தாங்கும். ஏற்கெனவே பந்தாக இருப்பது எங்கே ஊதும்? வெடித்துவிடும். வெடித்தால் தண்ணீர் சிவக்கும். ஒப்பிட ஒரு நல்ல ரத்தம் வேண்டுமே. என் கையில் நானே குத்திக்கொண்டேன்.

அரை மணி நேரம் கழித்துக் குழாய்களை மிஷினில் சுழற்றி எடுத்தேன். ஐந்தாம் குழாயிலேயே அண்ணன் வரிசை சிவக்கத் தொடங்கியிருந்தது. என் வரிசையில் அணுக்கள் அடியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தன, மேலே தெளிந்த தண்ணீர். எட்டாவது குழாய் வரைக்கும் என் ரத்தம் தாக்குப்பிடித்தது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு ரத்தம் பக்கத்துப் பக்கத்தில். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மா வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறவியிலேயே வருவது என்றார். அணுவின் தோலுக்கு அடியில் பின்னியிருக்கும் வலை பலவீனம். தோல் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து பந்தாகிவிடும். மண்ணீரலில் உள்ள இடுக்குகளில் பந்து நுழையாது, அங்கேயே சிக்கி அழியும். அழிந்த அணுவின் சிவப்புதான் மஞ்சளாக மாறிக் கண்ணில் நிற்கிறது. களைப்பும் அதனால்தான். மருந்து உண்டு, தேவையானால் ஆபரேஷனும் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. சிக்னலில் அவன் தலை சாய்த்தது போதையில் இல்லை. ரத்தம் போதாமல்!

பிறகு அவர் ஒன்று கேட்டார்: “உங்க அப்பா, அம்மா, யாருக்காவது கண்ணு மஞ்சளா இருந்துச்சா?”

நான் குழாய்களை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.

மார்ச் 14, வெள்ளி

அப்பா.

மார்ச் 16, ஞாயிறு

அம்மாவையும் அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுப் படி ஏறினேன். அண்ணி கதவைத் திறந்து என்னைப் பார்த்து ஒரு விநாடி அப்படியே நின்றாள். அவன் மகள், நாங்கள் வாலு என்று கூப்பிடுகிற பதினாறு வயதுக்காரி, சோபாவில் சுருண்டு கிடந்தாள். ஞாயிறு முழுக்கப் படுத்தே கிடப்பாள், சோம்பேறிக் கழுதை என்று அம்மா எப்போதும் திட்டுவாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயைத் திறந்தால் குழி, தோல், வலை, மண்ணீரல் என்று என்னென்னவோ வந்தது. காகிதம் வாங்கிப் படம்கூட வரைந்தேன். வாலுதான் என்னை நிறுத்தினாள். “அத்தை, கிளாஸ் எடுக்காம விஷயத்தச் சொல்லுங்க.”

“நீ குடிக்கலண்ணா” என்றேன்.

“அது எனக்குத் தெரியும்” என்றான்.

யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. பிறகு ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று கேட்டேன். அப்போதும் என் குரல் உயர்ந்துதான் போயிற்று, என்ன ஜென்மமோ நான்.

“மூணு தடவ சொன்னேன். நாலாவது தடவையும் சொன்னா குடிகாரன் பொலம்பற மாதிரியே இருக்கும்னு விட்டுட்டேன். ஊர் வாய மூட உலைமூடியா இருக்கு?”

ஊர் வாய் இருக்கட்டும். என் வாய்?

அப்போதுதான் அம்மா கேட்டாள், இது பரம்பரையாக வருவதா என்று. ஆமாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு, அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றேன். அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தவர். வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார், பேச்சே வராது. கண் மஞ்சள். நான் பத்தாவது படிக்கும்போது பித்தப்பையில் கல் அடைத்துக் காய்ச்சல் முற்றிப் போய்ச்சேர்ந்தார். குடித்துக் குடித்தே போனார் என்று வந்தவர்களெல்லாம் பேசினார்கள். நாங்கள் மறுக்கவில்லை. அழிந்த அணுவின் மஞ்சள் தேங்கித் தேங்கித்தான் பித்தப்பையில் கல் விழும் என்று இப்போது தெரிகிறது.

அம்மா நான் வரைந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேல விட்டு வந்ததும் தெனம் வாய மோந்து பாப்பேன். பதினெட்டு வருஷம். ஒரு நாள்கூட வாடையே வந்ததில்ல. என்னமா மறைக்கிறாரு மனுஷன்னுதான் நெனச்சேன்.”

அண்ணன் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். மஞ்சள் இருந்தது அவன் கண்ணில், காமாலை என் கண்ணில்.

“மன்னிச்சிருண்ணா” என்று கடைசியில் சொல்லியே விட்டேன். “சாப்ட்டுப் போ” என்றான். மன்னித்தானா இல்லையா? சாப்பிட்டேன்.

மார்ச் 19, புதன்

வாலுவின் ரத்தமும் பார்த்தாகிவிட்டது. அவளுக்கும் உண்டு, ஆனால் லேசாக. அழுவாள் என்று பயந்துகொண்டே சொன்னேன். “அப்ப நான் சோம்பேறி இல்ல. அத ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பாட்டிகிட்ட குடுங்க” என்கிறாள். எழுதிக் கொடுத்தேன். தினம் ஒரு ஃபோலிக் மாத்திரை, வருடத்துக்கு ஒருமுறை சோதனை, அவ்வளவுதான். அம்மா அந்தக் காகிதத்தை மடித்துத் தன் மருந்து டப்பாவில் வைத்திருக்கிறாள்.

மார்ச் 28, வெள்ளி

டாக்டரம்மா எழுதிய சான்றை எடுத்துக்கொண்டு நானும் டிப்போவுக்குப் போனேன். அண்ணன் வேண்டாம் என்றான், கேட்கவில்லை. மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கண் மஞ்சள் மஞ்சள்தானே, பயணிகளுக்கு நான் ரத்த வகுப்பா எடுக்க முடியும் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பையிலிருந்து எட்டு ஸ்லைடையும் எடுத்து அவர் மேஜையில் வரிசையாக வைத்தேன். இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால், உங்கள் பஸ்ஸைத் தொடுவதற்கு முன்னாலேயே இவன் ரத்தம் இப்படித்தான் இருந்தது, தேதி பாருங்கள் என்றேன். பாழ் என்று எழுதியிருக்கிறதே என்றார். அது என் புத்தியைப் பற்றி எழுதியது என்றேன்.

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரித்தானோ?

வேலை தப்பியது. கோப்பில் குடி என்ற சொல்லை அடித்துவிட்டார்கள். ஆனால் ரத்தம் ஏறும்வரை ஸ்டியரிங் கிடையாது, கேட்டில்தான் இருக்க வேண்டும். அதில் நியாயம் இருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். அப்பாவுக்கு இருந்ததுபோல. மண்ணீரலும் வீங்கியிருக்கிறது. இரண்டையும் ஒரே ஆபரேஷனில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். மண்ணீரல் இல்லாவிட்டால் கிருமி எளிதில் தாக்கும் என்பதால் முன்னதாகவே தடுப்பூசிகள். இன்று மூன்று போட்டார்கள். ஊசிக்கு முகத்தைச் சுளித்தான். இருபது தடவை எனக்கு விரல் கொடுத்த அதே ஆள்.

ஏப்ரல் 23, புதன்

நாளைக்கு ஆபரேஷன். அம்மா சாப்பிடவில்லை. நான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். பயம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

ஏப்ரல் 24, வியாழன்

முடிந்தது. கண் திறந்தான். அப்பாடா.

மே 12, திங்கள்

புது ஸ்லைடு போட்டேன். பந்துகள் பந்துகளாகத்தான் இருக்கின்றன. அது பிறவி வாகு, மாறாது. ஆனால் வழிமறித்து அழிக்க மண்ணீரல் இல்லை, அதனால் பந்தும் தன் ஆயுள் முழுக்க ஓடுகிறது, சுமக்கிறது. ஹீமோகுளோபின் பன்னிரண்டரை. எதிர் மேஜைக்காரியிடம் இந்த முறை சொன்னேன்: “எங்க அண்ணன்.”

“தெரியும்க்கா” என்றாள். அன்றைக்கே தெரியுமாம். குழாயில் இனிஷியல் இருந்ததாம். நானாகச் சொல்லாவிட்டால் அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள். பாட்டுப் பாடுகிற கழுதை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணன் வீட்டார் இங்கே சாப்பிட வந்தார்கள். வாசலில் நான் நிற்கவில்லை. வேண்டுமென்றே சமையலறையில் இருந்தேன். நேராக உள்ளே வந்து, “என்ன, வாசல்ல செக்கிங் இல்லியா?” என்றான். கரண்டியைக் கழுவினேன், ஏற்கெனவே கழுவிய கரண்டி.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா படத்தைத் துடைத்து, கூடத்துச் சுவரில் மாட்டச் சொன்னாள் அம்மா. இத்தனை வருடம் அது அலமாரிக்குள் இருந்தது. அண்ணன் ஆணி அடித்தான். படம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்றாள்.

ஜூலை 21, திங்கள்

ஹீமோகுளோபின் 14.3. டிப்போ டாக்டரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். கோப்பு மேலே போயிருக்கிறதாம். மெதுவாக ஊர்வதில் அதனிடம் ஆமை தோற்றது. நான் டிப்போவுக்கு வரக்கூடாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று முதல் வண்டி. அண்ணி அழுதுகொண்டே போன் செய்தாள். நல்ல அழுகை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆபரேஷன் முடிந்து இன்றோடு நூற்றிருபது நாள். கணக்குப்படி அவன் உடம்பில் அப்போது ஓடிய ரத்தம் எதுவும் இப்போது இல்லை. இருப்பதெல்லாம் அதற்குப் பிறகு பிறந்தது.

காலையில் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு, இருபது நிமிடம் காத்திருந்து அவன் பஸ்ஸில் ஏறினேன். முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் கண்ணாடியில் பார்த்தான். மூன்று சிக்னல் சிவப்பு விழுந்தது. மூன்றிலும் அவன் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான். நான் எண்ணிக்கொண்டு வந்தேன்.

என் ஸ்டாப் வந்தது. படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து குரல்: “ஊதிக் காட்டட்டுமா?”

முன் சீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“வேணாண்ணா. கண்ணக் காட்டு.”

கீழிமையை விரலால் இழுத்து, நாக்கையும் சேர்த்து நீட்டினான், சின்ன வயதில் எனக்குப் பழிப்புக் காட்டுவானே, அதேபோல. வெள்ளைவெளேரென்று இருந்தது. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. இறங்கி லேபுக்கு நடந்தேன்.